பூஜ்யத்தைத் துரத்தியவர்கள்

1846ஆம் ஆண்டு ஆனா தின் என்ற சீமாட்டி இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போனார். பாறை இடுக்குகளில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்த பவளங்களைப் பார்த்தவருக்கு அவற்றை விட்டுவர மனம் வரவில்லை. வழியில் மோதிச் சிதையாதபடி அவற்றை ஒரு கடற்பஞ்சின் மேல் ஊசிநூலால் தைத்து, கடல்நீர் நிரப்பிய ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெரிய பொறுப்பில் இருந்த குரு. அவர்கள் வீட்டில் பவளங்களுக்கு இடம் கிடைத்தது, கடல்தான் கிடைக்கவில்லை. கொண்டுவந்த நீர் கெட்டுப்போனால் என்ன செய்வது?

இருந்த நீரையே பிழைக்க வைக்க முடிவு செய்தார் ஆனா. வீட்டுப் பணிப்பெண் திறந்த ஜன்னலருகே நின்று அரைமணி, முக்கால்மணி நேரம் அந்த நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றி ஆற்ற வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு நீரில் கடற்பாசியையும் சேர்த்துப் பார்த்தார். பவளங்கள் சுமார் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தன, இனமும் பெருக்கின. கடலிலிருந்து வெகுதூரத்தில், ஒரு வீட்டுக்குள், பவளம் வாழ முடியும் என்று முதன்முதலில் காட்டியது அந்த ஜாடிதான். பாசி எப்படி நீரைக் காப்பாற்றியது என்பதை விளக்க ஒரு வேதியியலாளர் வரவேண்டியிருந்தது.

அவர் லண்டன் மருந்தாளர் சங்கத்தில் பணியாற்றிய ராபர்ட் வாரிங்டன். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சிறிய தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்த்தாவரத்தையும் விட்டார். முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு தாவரத்தின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது, கண்ணாடி பச்சை படிந்தது. வாரிங்டன் ஐந்தாறு நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகியதைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. தாவரம், மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்தச் சமநிலையை 1850இல் அவர் லண்டன் வேதியியல் சங்கத்துக்கு அறிவித்தார். கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு வரவு பதிவாகாமலே விட்டுப்போயிருந்தது.

அது தெரியாமல் நாடே தொட்டி வாங்கக் கிளம்பியது. 1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லையே வீட்டுச்சொல்லாக்கியது. வரவேற்பறைதோறும் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் கடல் சாமந்தி. உற்சாகம் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. நீர் நாறியது, உயிர்கள் செத்தன, பெட்டிகள் பரணுக்குப் போயின. வாரிங்டன் சொன்னபடி எல்லாம் செய்தவர்களின் தொட்டியும் ஏன் கெட்டது என்ற கேள்விக்கு விடை, யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில் தேங்கிக் கிடந்தது. பாரிஸ் நகரத்துச் சாக்கடையில்!

1877இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய ஒரு மீட்டர் நீளக் குழாயில் சாக்கடை நீரை மெதுவாக இறக்கினார்கள். மேலே ஊற்றிய நீரிலிருந்த அம்மோனியா கீழே அப்படியே வந்தது. இருபது நாள் அதே கதை. அதன்பிறகு திடீரென்று அம்மோனியா மறைந்து, அதன் இடத்தில் நைட்ரேட் சொட்டத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் அது முதல் நாளே நடந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்து குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோனது. ஒரு பிடித் தோட்டமண்ணைக் கரைத்து ஊற்றியதும் மறுபடி தொடங்கியது. மயக்கமருந்தில் முடங்கியது எதுவோ, அது உயிருள்ளது!

இந்தச் செய்தியை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒருவர் ஆவலோடு படித்தார். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன் வாரிங்டனின் மகன்! இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான். தந்தை கணக்கில் விட்டுப்போன வரவைத் தந்தை இறந்து பத்தாண்டு கழித்து மகன் தேடத் தொடங்கினார். அவருக்கு அப்போது மீன்தொட்டி மேல் கவனம் இல்லை, வயல் மண்ணில்தான் கவனம். பல ஆண்டு உழைப்பில் அவர் கண்டது இது: வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி நிறுத்திவிடும். இன்னொரு வகை நைட்ரைட்டை வாங்கி நைட்ரேட்டாக்கும். இரண்டையும் தனியே பிரித்துக் காட்டுவது மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. 1890இல் சூரிச்சில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் அதைச் சாதித்தார். மற்றவர்கள் சத்தான ஜெலட்டினில் அந்தக் கிருமிகளை வளர்க்கப் பார்த்துத் தோற்றபோது, கரிமச்சத்து இல்லாத சிலிக்கா கூழில் அவை வளர்வதை அவர் கண்டார். சோறு போட்டால் வளராமல், பட்டினி போட்டால் வளரும் கிருமிகள்! இவற்றை மீன்தொட்டிக்குள் வேலைக்கு அமர்த்த இன்னும் அறுபது ஆண்டு ஆனது.

1950களில் அமெரிக்காவில் கடல்மீன் வளர்ப்பவர்கள் தொட்டியின் அடியில் துளையிட்ட தட்டை வைத்து, அதன் மேல் சரளை பரப்பி, காற்றுக்குழாயால் நீரைச் சரளை வழியே கீழிழுத்தார்கள். பாரிஸ் சாக்கடைக் குழாய் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. சரளையில் குடியேறிய கிருமிகள், மீன்கழிவிலிருந்து வந்து மீனையே கொல்லும் அம்மோனியாவை அழித்தன. புதுத் தொட்டி முதல் சில வாரங்கள் பக்குவமாகும்வரை காத்திருக்க வேண்டும் என்ற விதி, அந்த இருபது நாள் காத்திருப்பின் வாரிசு. மீன்கள் பிழைத்தன. பவளங்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் பழுப்பேறி, பாசி மூடி மடிந்தன.

காரணம் எளிது, ஆனால் தீர்வு தெரியவில்லை. கிருமிகள் நைட்ரேட்டைச் செய்தன, தின்னவில்லை. பவளப்பாறைகள் செழிக்கும் கடல்களில் நைட்ரேட் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. தொட்டிகளிலோ ஐம்பது, நூறு என்று ஏறியது. போட்ட தீனியெல்லாம் கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் சேர்ந்துகொண்டே போக, தந்தை வாரிங்டனின் கணக்கில் விடுபட்ட வரவு இப்போது பேரேட்டையே விழுங்கியது. நீரை அடிக்கடி மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வேளையில், ஜகார்த்தாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது.

எழுதியவர் லீ சின் எங். 1961இல் அவர் விவரித்த தொட்டியில் ஃபில்டரே இல்லை. கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகள், கடல்நீர், வெயில், காற்றுக்குமிழிகள், அவ்வளவுதான். அதில் பவளங்கள் வாழ்ந்தன. பாறையின் மேற்புறத்தில் மகன் வாரிங்டனின் கிருமிகள் நைட்ரேட் செய்ய, ஆக்சிஜன் புகாத அதன் உட்புறத் துளைகளில் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டிலிருந்தே ஆக்சிஜனைப் பிய்த்தெடுத்துச் சுவாசித்து, எஞ்சிய நைட்ரஜனை வாயுவாக வெளியே விட்டது. அந்த இரண்டாம் கூட்டத்தை கயோன், துப்பெத்தி என்ற இருவர் 1880களிலேயே பிரான்சில் பிடித்து வைத்திருந்தார்கள். ஆனால் கடலோரத்தில் வாழ்ந்த லீயின் வழி, பாறை விமானமேறி வரவேண்டிய நாடுகளில் வேர்பிடிக்கவில்லை. கடலே பார்க்காத பெர்லினில்தான் அதற்கு இரண்டாம் பிறவி.

பெர்லினின் தொட்டி ஆர்வலர்கள் கெட்டிக்காரத்தனமாக ஒன்று சேர்த்தார்கள். மீன்கழிவு நைட்ரேட்டாகும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? பருப்பு கொதிக்கையில் மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்தெடுப்பதுபோல, குறுகிய குழாயில் காற்றுக்குமிழிகளை ஏற்றிப் புரதக் கழிவை நுரையாகத் திரட்டி ஒரு கிண்ணத்தில் வழியவிட்டார்கள். ஸ்கிம்மர் என்ற இந்தக் கருவியும் லீயின் உயிர்ப்பாறையும் பளிச்சென்ற விளக்கும் சேர்ந்ததே பெர்லின் முறை. டீட்ரிச் ஷ்டூபரின் தொட்டியில் வளர்ந்த அக்ரோபோரா பவளத்தின் கிளைகள் ஒடித்து நடப்பட்டு நாடு நாடாகப் பயணம் போயின. இருந்தும் ஓர் எதிரி நுரையிலும் சிக்கவில்லை, வாயுவாகவும் பறக்கவில்லை.

அந்த எதிரியின் பலம் தெரியவந்தது ஆஸ்திரேலியாவில். கின்சி, டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பெருந்தடுப்புப் பவளத்திட்டிலுள்ள ஒன் ட்ரீ தீவில் ஒரு சிறு பவளத்திட்டுக்கு எட்டு மாதம் நாள்தோறும் நைட்ரஜனும் பாஸ்பேட்டும் கலந்து உரமிட்டார்கள். பயிருக்கு உரமிட்டால் விளையும். பவளத்திட்டு சுண்ணாம்பு கட்டும் வேகமோ பாதிக்கும் கீழே விழுந்தது. 1979இல் வெளியான அந்த முடிவு பெரும்பழியைப் பாஸ்பேட்டின் மேல் போட்டது. தீனியோடு உள்ளே வரும் பாஸ்பேட், சுண்ணாம்புப் பாறையில் ஒட்டிக்கொண்டு பதுங்கி, நீர் சுத்தமானதும் மெல்லக் கசிந்து வரும் குணம் கொண்டது. அதை வெளியேற்ற வேண்டுமானால் ஏதாவது ஒன்று அதைத் தின்றாக வேண்டும்.

தின்பதற்கு ஆள் கண்டுபிடித்தவர் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வால்டர் ஏடி. கரீபியப் பவளத்திட்டுகளில் பாறைமேல் புல்வெளிபோல் படர்ந்த குட்டைப் பாசி மலைக்கவைக்கும் வேகத்தில் வளர்வதை அவர் அளந்து பார்த்திருந்தார். தொட்டியில் பாசி வந்தால் எல்லோரும் பதறும் காலத்தில், அவர் பக்கத்தில் ஒரு தட்டு வைத்து, வலையில் விளக்கொளியில் வேண்டுமென்றே பாசி வளர்த்தார். அலைபோல் நீர் அதன் மேல் புரண்டது. பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக் கொழுத்தது. வாராவாரம் சுரண்டி எறிந்தால் இரண்டும் கூடவே வெளியேறின. 1980இல் அருங்காட்சியகத்தில் அந்தப் பவளத்தொட்டி திறக்கப்பட்டது, 1982இல் காப்புரிமையும் கிடைத்தது. பாசி நண்பன் என்ற நம்பிக்கை ஊன்றியது. அந்த நம்பிக்கைக்கு மத்தியதரைக் கடல் விலை கொடுத்தது.

காலர்ப்பா டாக்சிஃபோலியா என்ற பச்சைக் கடற்பாசி தொட்டிக்காரர்களின் செல்லம். வேகமாக வளரும், சத்தை உறிஞ்சும், கண்ணுக்கும் குளிர்ச்சி. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் மிருகக்காட்சி சாலைத் தொட்டியில் வளர்ந்த ரகம் குளிரையும் தாங்கியது. கைமாறிக் கைமாறி அது மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகம் வரை வந்தது. 1984இல் அந்த அருங்காட்சியகத்தின் ஜன்னல்களுக்குக் கீழே கடலடியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் அந்தப் பாசி தென்பட்டது. நீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாந்தர் மெய்னேஸ் அபாயச்சங்கு ஊதினார். அவரை நம்பாமல் வாதிட்டே காலம் போனது. பாசி ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது, மரபணுச் சோதனை தொட்டிப் பாசியோடு பொருந்தியது. 2000இல் அதே பாசி கலிஃபோர்னியாவின் உப்பங்கழி ஒன்றில் தலைகாட்டியபோது அமெரிக்கர்கள் விவாதிக்கவில்லை. தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரினைச் செலுத்தி, ஆறு ஆண்டு கண்விழித்துக் காவல் காத்து ஒழித்தார்கள். ஒரு சிறு தொட்டியின் சுத்தத்துக்கு இத்தனை பெரிய கடல் பணயமானதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அதே மொனாக்கோவிலிருந்துதான் அடுத்த நல்ல செய்தியும் வந்தது. ஜான் ஜோபேர் அங்கே வைத்த பவளத்தொட்டியில் ஸ்கிம்மர் இல்லை. அடியில் துளைத்தட்டு, தட்டுக்குக் கீழே வெறும் நீர், மேலே கனமான மணற்படுக்கை. பார்த்தால் 1950களின் அதே சரளைத் தட்டு! ஒரே ஒரு வித்தியாசம், நீரை இழுக்கும் குழாயே கிடையாது. மணலுக்குள் ஆக்சிஜன் குறைந்தது. கயோனும் துப்பெத்தியும் கண்ட கிருமிகள் குடியேறி நைட்ரேட்டை வாயுவாக்கின. பம்பு ஓடினால் நைட்ரேட் தொழிற்சாலை, ஓடாவிட்டால் நைட்ரேட்டுக்குச் சமாதி. முப்பது ஆண்டு காலமாக விடை எல்லோர் தொட்டியடியிலும் இருந்திருக்கிறது, பம்பை நிறுத்திப் பார்க்கத்தான் தோன்றவில்லை. நைட்ரேட் அடங்கியது. பாஸ்பேட்டை அடக்க ஒரு விஷம் வழிகாட்டியது.

அந்த விஷம் ஆர்செனிக். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்று 1990களில் வரம்பு இறுகியபோது, பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருவைப் போன்ற இரும்பு ஹைட்ராக்சைடைச் சிறு குருணைகளாக்கினார்கள். நீர் அதன் வழியே போனால் ஆர்செனிக் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஓர் இடைஞ்சல். தனிம அட்டவணையில் பாஸ்பரஸும் ஆர்செனிக்கும் ஒரே குடும்பம் என்பதால், நீரிலிருந்த பாஸ்பேட் முந்திக்கொண்டு குருணையில் இடம்பிடித்தது. குடிநீர்ப் பொறியாளர்களுக்குத் தலைவலியான அந்தக் குறையே தொட்டிக்காரர்களுக்குக் கிடைத்த வரம். செம்பழுப்புக் குருணைகள் சிறு உருளைகளில் அடைபட்டுத் தொட்டிக்கு அடியில் குடியேறின. எத்தனை ஆண்டாகவோ பிடிபடாத பாஸ்பேட் நாள்கணக்கில் காணாமல் போனது. இனி நைட்ரேட்டின் கடைசிச் சொட்டையும் ஒழித்துவிட்டால் வெற்றி. அதற்கு ஒரு மதுப்புட்டி திறக்கப்பட்டது.

1934லேயே ஆல்ஃப்ரெட் ரெட்ஃபீல்ட் என்ற கடலியலாளர் கடல்நீரிலும் அதன் மிதவை உயிர்களிலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பதைக் கவனித்திருந்தார். பின்னாளில் அது கார்பன் 106, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1 என்று நிலைபெற்றது. தொட்டியில் பின்னிரண்டும் மிஞ்சிக் கிடக்க, கிருமிகள் பெருகக் கார்பன்தான் போதவில்லை. கழிவுநீர் நிலையங்கள் இதற்காகவே மெத்தனால் ஊற்றி வந்தன. வீட்டில் எளிதாகக் கிடைத்த எத்தனால் வோட்கா! சொட்டுச் சொட்டாக அதை ஊற்றும் அளவுமுறையை 2004இல் முருட்செக்கும் கோகோட்டும் ஜெர்மனியில் வெளியிட்டார்கள். கிருமிகள் வோட்காவைக் குடித்து, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பில் ஏற்றிப் பெருகின. பழைய பெர்லின் ஸ்கிம்மர் அந்தக் கிருமிகளை நுரையோடு வழித்துக் கொட்டியது. அவசரப்பட்டு அளவுக்கு மீறி ஊற்றிய தொட்டிகளில் கிருமிகள் இரவோடிரவாக ஆக்சிஜனைத் தீர்க்க, விடியும்போது மீன்கள் மிதந்தன. பொறுமையாக ஊற்றியவர்களின் சோதனைக்குழாயில் நிறமே ஏறவில்லை. நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். ஒன்றரை நூற்றாண்டுக் கனவு கைக்கு வந்த வேளையில், பவளங்கள் வெளிறத் தொடங்கின.

நிறம் மங்கி, தசை மெலிந்து, கிளைநுனிகள் கருகியதுபோல் உரிந்தன. முன்பு பாசி மூடிச் செத்தவை இப்போது கண்ணாடிபோல் தெளிந்த நீரில் செத்தன. விளக்கைச் சந்தேகித்தார்கள், உப்பைச் சந்தேகித்தார்கள். சுத்தத்தைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்தச் சந்தேகத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனது இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம்.

அங்கே யோர்க் வீடன்மான், சிசிலியா டாஞ்சலோ ஆகியோரின் குழு தொட்டிகளில் பவளம் வளர்த்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தனித்தனியே ஏற்றி இறக்கிப் பார்த்தது. 2013இல் முடிவு வெளியானது. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் வற்றிய நீரில் இருந்த பவளங்களே வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் முதலில் பணிந்து வெளுத்தன. பவளத்தின் தசைக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு சமைத்துத் தரும் நுண்பாசிக்குப் பாஸ்பேட் உயிர்ச்சத்து. நைட்ரேட் அதை வளரச்சொல்லி உந்த, பாஸ்பேட் கிடைக்காமல், தன் சவ்வுகளில் பாஸ்பரஸ் இருக்கவேண்டிய இடத்தில் கந்தகக் கொழுப்பை வைத்துச் சமாளித்திருக்கிறது அந்தப் பாசி. ஒட்டுப்போட்ட சவ்வு வெயில் ஏறியதும் கைவிட்டுவிட்டது. 2017இல் அதே பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வு, பாஸ்பேட் பஞ்சமே வெளுப்புக்கு வழிவகுப்பதை உறுதிசெய்தது. கடலில் பவளம் இவ்வளவு குறைந்த சத்துநீரில் வாழ முடிவதற்குக் காரணம், அலை ஓயாமல் கொண்டுவந்து ஊட்டும் மிதவை உயிர்களும் மீன்களின் கழிவும். தொட்டியில் அந்த ஊட்டலை ஸ்கிம்மரும் வோட்காவும் துருக்குருணையும் சேர்ந்து முடக்கியிருந்தன.

அதன்பின் தொட்டிப் பொருள்கள் விற்கும் கடைகளின் அலமாரியில் ஒரு புதிய சரக்கு வந்து அமர்ந்தது. பாஸ்பேட்டை உறிஞ்சும் துருக்குருணை டப்பாவுக்குப் பக்கத்திலேயே, இரண்டு சிறு பிளாஸ்டிக் குப்பிகள். ஒன்றில் நைட்ரேட் கரைசல், மற்றதில் பாஸ்பேட் கரைசல். நைட்ரேட் குப்பிகள் பலவற்றில் இருப்பது சோடியம் நைட்ரேட், மகன் வாரிங்டன் வேலைபார்த்த ராதம்ஸ்டெட்டின் சோதனை வயல்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து உரமாகத் தூவப்படும் அதே உப்பு. பவளம் வளர்ப்பவர்கள் இன்று நைட்ரேட்டை லிட்டருக்கு ஐந்து, பத்து மில்லிகிராம் அளவிலும், பாஸ்பேட்டை 0.1க்குக் கீழே, ஆனால் பூஜ்யத்தைத் தொடாமலும் நிறுத்தப் பார்க்கிறார்கள். சோதனைக்குழாயில் நிறம் அடர்ந்தால் குருணை மாற்றுகிறார்கள். நிறமே ஏறாவிட்டால் குப்பியைத் திறந்து, அளந்து, தொட்டியில் ஊற்றுகிறார்கள்.